பழைய பிக்கப் வண்டியில் கியர் பெட்டி மாற்றும் விதம்

மல்லிகையின் விலை அதன் மொட்டிலே இருக்கிறது. அதிகாலையில் பறித்த மொட்டு அவிழ்வதற்குள் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையைச் சேராவிட்டால், கவாத்துச் செய்து நீர் பாய்ச்சிக் காத்த உழைப்பு அன்றைக்கு வீணாகிறது. 2013-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு மாத்திரமல்ல, மேலூர்ப் பக்கத்து நெல்லுக்கும், உசிலம்பட்டிப் பக்கத்துக் காய்கறிக்கும் இதுவே நியாயம். முன்னர் இரட்டை மாட்டு வண்டி நின்ற தொழுவத்தின் அருகில் இப்பொழுது பிக்கப் வண்டி நிற்கிறது. மாட்டுக்கு நோய் கண்டால் அதன் குறிகளை நம்மவர் பார்த்த மாத்திரத்தில் அறிவர். வண்டிக்கு நோய் கண்டாலோ, முதலில் பார்த்தவர் சொன்னதே முடிவென்று கொண்டு பணத்தைச் செலவிட்டுவிடுகிறார்கள். அவ்வகைச் செலவுகளில் பெரியது கியர் பெட்டியை மாற்றுவது. அதைப் பற்றிக் குடியானவர்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் திருமங்கலம் தாலுகாவில் பூந்தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவரின் வண்டியில் கியர் விழாமல் கரகரவென்று சத்தமிட்டது. நிலத்தைப் பார்வையிடச் சென்ற என்னை அழைத்துக் காட்டினார். நானும் அச்சத்தத்தைக் கேட்டு, ‘பெட்டிக்குள் பல் போயிருக்கும்’ என்று சொல்லிவிட்டேன். அவர் பழைய பெட்டி ஒன்றை விலைக்கு வாங்கி மாற்றினார். மூன்று நாள் பூவை வாடகை வண்டியில் அனுப்பினார். நான்காம் நாள் மாற்றிய பெட்டியும் அதே சத்தத்தை இட்டது. பழுது கிளச்சின் ஸ்லேவ் சிலிண்டரில் இருந்தது. அதிலுள்ள சிறிய ரப்பர் தேய்ந்து எண்ணெய் கசிந்தமையால், பெடலை மிதித்தும் கிளச் முழுவதும் விடுபடவில்லை. கியர் பெட்டியில் குற்றம் ஒன்றுமில்லை. அந்த நஷ்டத்தில் என் வாய்ச்சொல்லுக்கும் பங்குண்டு. ஆகையால் இப்பாடத்தின் முதற்பகுதி, பெட்டியை இறக்குமுன் பழுது எங்கே என்று அறிவதைப் பற்றியது.

கியர் பெட்டியின் வேலை

எஞ்சின் வேகமாய்ச் சுழன்றால்தான் பலம் தரும். பாரத்தோடு நிற்கும் சக்கரமோ மெதுவாய்ச் சுழன்று அதிகமாய் இழுக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது கியர் பெட்டி. கமலைக் கிணற்றில் ஒற்றை மாட்டுக்குச் சிறு சாலும், ஜோடி மாட்டுக்குப் பெருஞ்சாலும் கட்டியதைப் போல, பலத்துக்கும் பாரத்துக்கும் ஒவ்வும்படி செய்வதே அதன் தொழில்.

பிரான்ஸ் தேசத்தில் லெவாஸோர் என்பவர் 1891-ம் வருஷத்தை ஒட்டி, எஞ்சினை முன்னே வைத்து, கிளச், கியர் பெட்டி ஆகியவற்றைப் பின்னே நிறுத்திப் பின்சக்கரத்தை ஓட்டும் ஏற்பாட்டைச் செய்தார். நமது ஜில்லாவில் ஓடும் பொலிரோ பிக்கப், டாட்டா 207, 2005-ல் வெளிவந்து ‘குட்டி யானை’ என்று பெயர் பெற்ற டாட்டா ஏஸ் ஆகியவை இன்றும் பெரும்பாலும் அந்த வரிசையையே உடையன. 1928-ல் அமெரிக்காவில் காடிலாக் கம்பெனியார் பற்களின் வேகத்தை முன்கூட்டியே சமமாக்கும் பித்தளை வளையங்களைப் பெட்டிக்குள் வைத்தனர். இதற்குச் சிங்க்ரோமெஷ் என்று பெயர். இவ்வளையங்கள் தேய்வதே பழைய பெட்டிகளில் நாம் காணும் பழுதுகளில் முக்கியமான ஒன்று.

மதுரைக்கு இந்த வித்தை புதிதல்ல. 1911-ல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் இங்கே ஸ்தாபித்த கம்பெனி, இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோல் கிடையாமற் போகவே, கரிவாயுவால் மோட்டார்களை ஓட்டும் சாதனங்களைச் செய்தளித்தது. கரிவாயுவில் எஞ்சினின் பலம் குறையும். குறைந்த பலத்தோடு மேட்டில் ஏறும் டிரைவர் கீழ்க் கியரையே நம்பவேண்டும். பாரவண்டிக்குக் கீழ்க் கியரே உயிர் என்பதைப் பின்னர் ஒரு கணக்கால் காட்டுகிறேன்.

1. பழுது எங்கே என்று அறிதல்

கீழ்க்கண்ட சோதனைகளுக்குக் கருவி எதுவும் வேண்டாம். சமதரையில் கைப்பிரேக்கைப் போட்டுவிட்டுச் செய்யலாம்.

(அ) எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்க்கவும். நிறுத்தியபோது இலகுவாய் விழுந்து, ஓடும்போது கரகரவென்று மறுத்தால், கிளச் விடுபடவில்லை என்று அறிக. பெடலின் கேபிளை, அல்லது எண்ணெய்க் குழாயையும் சிலிண்டர்களையும் முதலிற் பார்க்கவேண்டும்.

(ஆ) எஞ்சின் வேகம் ஏறியும் வண்டி இழுக்காமல், கருகிய நாற்றம் வந்தால் கிளச் பிளேட்டு தேய்ந்துவிட்டது.

(இ) நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது உள்ள இரைச்சல், பெடலை மிதித்தவுடன் நின்றால் பெட்டியின் முன் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மாறாக, மிதித்தால் மாத்திரம் இரைச்சல் எழுந்தால் கிளச்சின் ரிலீஸ் பேரிங்கு போயிற்று.

(ஈ) ஓடும்போது ஒரே கியரில் மாத்திரம் சத்தம் வந்தால் அந்தக் கியரின் பல்லில் பழுது. கீழ்க் கியர்கள் யாவற்றிலும் சத்தமிட்டு, எஞ்சினோடு நேராய் ஓடும் மேல் கியரில் சத்தம் தணிந்தால், அடி ஷாப்டும் அதன் பேரிங்குகளும் தேய்ந்தன. நேர் கியரில் அடி ஷாப்டு சுழன்றாலும் அதன்மேல் பாரம் விழாது என்பதே இதற்குக் காரணம்.

(உ) போட்ட கியர் தானே வெளியே குதித்தால், உள்ளே கியரைத் தள்ளும் போர்க்கும் அதன் பூட்டும் தேய்ந்திருக்கலாம். ஆயினும் அதற்குமுன் பெட்டியைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்துள்ளதா, கியர்க் கம்பியின் இணைப்புகள் தளர்ந்துள்ளனவா என்று பார்க்கவும். ரப்பரின் விலை சொற்பம். பெட்டியின் விலை அப்படியன்று.

(ஊ) கடைசியாகப் பெட்டியின் எண்ணெயைச் சுத்தமான தட்டில் வடிக்கவும். மெல்லிய இரும்புப் பொடி சிறிது இருப்பது சகஜம். நகக்கண் அளவு இரும்புச் சில்லு இருந்தால் பல் உடைந்திருக்கிறது. மஞ்சள் மினுமினுப்பு மிகுதியாயிருந்தால் சிங்க்ரோ வளையம் தேய்ந்தது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்தது. பெரியாறு வாய்க்காற் பாசனத்தில் வரப்போரத்து ஓடைகளைக் கடக்கும் வண்டிகளில், பெட்டியின் மூச்சுத்துளை வழியாய்த் தண்ணீர் புகுவதுண்டு.

இச்சோதனைகள் யாவும் பெட்டியையே குற்றம் சாட்டினால் அடுத்த பகுதிக்குச் செல்லலாம். அப்போதும் பேரிங்கு, வளையம் ஆகியவை மாத்திரம் தேய்ந்திருந்தால், பெட்டியைப் பிரித்து அவற்றை மாற்றுவதே நன்று. உறையே வெடித்திருந்தாலும், பல பற்கள் உடைந்திருந்தாலும் மாத்திரம் வேறு பெட்டி தேடுக.

2. எந்தப் பெட்டியை வாங்குவது

சென்னைப் புதுப்பேட்டையிலும் மற்ற நகரங்களிலும் கழித்த வண்டிகளின் பெட்டிகள் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்குமுன் பழைய பெட்டியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டியவை: எஞ்சினோடு பொருந்தும் பெல் ஹவுசிங்கின் போல்ட்டுத் துளைகள், கிளச் பிளேட்டில் நுழையும் இன்புட் ஷாப்டின் பல்வரிகளின் எண்ணிக்கையும் பருமனும், அந்த ஷாப்டின் நீளம், பெட்டியின் முழு நீளம், பின்புறத்தில் புரொபெல்லர் ஷாப்டைப் பூட்டும் தட்டு, மவுண்டிங் இருக்குமிடம், கியர்க் கம்பி எழும்பும் இடம், வேகங்காட்டியின் கேபிள் புகும் துளை. இவற்றுள் ஒன்று ஒவ்வாவிட்டாலும், வெட்டியும் ஒட்டவைத்தும் சரிசெய்ய நேரும். ஆகையால் அதே மாதிரி வண்டியின், அதே வகைப் பெட்டியை வாங்குவதே உத்தமம்.

கையால் இன்புட் ஷாப்டைச் சுழற்றி, எல்லாக் கியர்களும் விழுகின்றனவா என்று பார்க்கவும். ஷாப்டை மேலும் கீழும் அசைத்து ஆட்டம் காணப்பட்டால் வாங்கவேண்டாம். விற்பவரின் பெயருள்ள ரசீது இல்லாமல் பணம் கொடுக்கலாகாது. களவு வண்டியின் சாமான் கைக்கு வந்தால் பின்னர் வரும் தொல்லை பெரிது.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவிக்கவேண்டும். ‘நான்கு கியர் பெட்டியை எடுத்துவிட்டு ஐந்து கியர் பெட்டியை வைத்தால் வண்டி நன்றாய் இழுக்கும்’ என்று பலர் எண்ணுகிறார்கள். இழுவை கடைசிக் கியரில் இல்லை. முதற் கியரில் இருக்கிறது. உதாரணமாக, ஒரு பெட்டியின் முதற் கியர் விகிதம் 4 என்றும், பின் ஆக்ஸிலின் விகிதம் 5 என்றும் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 20. எஞ்சினின் முறுக்கு, தேய்மானம் நீங்கலாக, 20 மடங்காய்ச் சக்கரத்தை அடைகிறது. புதிதாய் வைத்த ஐந்து கியர் பெட்டியின் முதற் கியர் 3½ ஆயின் பெருக்கற்பலன் 17½. அதாவது எட்டில் ஒரு பங்கு இழுவை போயிற்று. முன்பு பாரத்தோடு சேற்றிலிருந்து ஏறிய வண்டி இப்பொழுது அதே பாரத்தோடு ஏறத் தடுமாறலாம்.

ஐந்தாம் கியரின் லாபம் வேறு வகையானது. அதன் விகிதம் 0.8 எனில், நேர் கியரில் நிமிஷத்துக்கு 2,000 சுற்று ஓடிய எஞ்சின், அதே வேகத்துக்கு 1,600 சுற்று ஓடினாற் போதும். நாள்தோறும் நான்குவழிச் சாலையில் வெகுதூரம் செல்வோருக்கு எண்ணெய்ச் செலவு குறையும். தோட்டத்திலிருந்து கரிசல் வண்டிப்பாதையில் ஊர்ந்து, பிறகு சிறிது தூரம் தார் ரோட்டில் சென்று சந்தையை அடைவோருக்கு இதனால் பயனில்லை. அவர்களுக்கு முதற் கியரின் இழுவை குறைவது, ஈரக் கரிசலில் கிளச்சைப் பாதி மிதித்தபடியே வண்டியைக் கிளப்பி, அதைக் கருக்குவதில் முடியும். ஆகையால் பெட்டி வாங்குமுன் விற்பவரிடம் முதற் கியரின் விகிதத்தைக் கேட்டறிக.

சட்டத்தையும் மறக்கலாகாது. பதிவுச் சான்றில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் குறிக்கப்பட்டுள்ளன. சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாதென்று 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கூறுகிறது. அதே வகைப் பெட்டியை மாற்றுவதால் இவ்வெண்கள் மாறுவதில்லை. பெட்டியோடு எஞ்சினையும் மாற்ற எண்ணினாலும், சேஸிஸை வெட்ட நேர்ந்தாலும், வட்டாரப் போக்குவரத்து ஆபீஸில் முன்கூட்டியே விசாரித்து அநுமதி பெறவேண்டும்.

3. இறக்கும் முறை

முதலில் உயிர், பிறகு வண்டி. ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டிக்கு அடியில் ஒருவரும் புகலாகாது. செங்கல்லையும் கருங்கல் துண்டையும் முட்டுக் கொடுப்பது நமது ஊர்களில் வழக்கமாயிருக்கிறது. செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும், கல் வழுக்கும். கெட்டியான சமதரையில், சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, சேஸிஸின் அடியில் இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தி, வண்டியைக் கையால் பலமாய் அசைத்துப் பார்த்த பிறகே கீழே செல்லவேண்டும். உழுத நிலத்திலோ களத்து மண்ணிலோ இவ்வேலையைச் செய்யவேண்டாம்.

அதன்பின் செய்ய வேண்டியவை வரிசையாய்:

(1) பாட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றுக.

(2) எண்ணெயை வடித்துக் கலத்தில் சேர்த்துவைக்கவும். கிணற்றோரத்திலும் வாய்க்காலிலும் கொட்டலாகாது.

(3) புரொபெல்லர் ஷாப்டின் தட்டிலும், அது சேரும் எதிர்த்தட்டிலும் ஒரே கோடாய் அடையாளமிட்டுக் கழற்றுக. அடையாளம் தவறிப் பூட்டினால் ஓட்டத்தில் அதிர்வு உண்டாகலாம்.

(4) கியர்க் கம்பி, வேகங்காட்டிக் கேபிள், ரிவர்ஸ் விளக்கின் கம்பிகள், கிளச்சின் கேபிள் அல்லது ஸ்லேவ் சிலிண்டர் ஆகியவற்றை விடுவிக்கவும். ஸ்லேவ் சிலிண்டர் கழன்றிருக்கையில் பெடலை மிதிக்கவேண்டாம். தடையாயிருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் எடுக்கவும்.

(5) எஞ்சினின் பின்பக்கத்துக்கு மரக்கட்டை வைத்துத் தாங்கல் கொடுக்கவும். மெல்லிய தகடாலான எண்ணெய்த் தொட்டியின்மேல் பாரம் விழலாகாது.

(6) பெட்டியின் அடியில் மரத்தொட்டில் வைத்த ஜாக்கியைக் கொடுத்து, கயிற்றால் கட்டி, அதன்பின் தாங்கும் குறுக்குச் சட்டத்தைக் கழற்றுக.

(7) பெல் ஹவுசிங் போல்ட்டுகளைக் கடைசியில் எடுத்து, பெட்டியை நேராய்ப் பின்னோக்கி இழுக்கவும். ஷாப்டு கிளச் பிளேட்டை விட்டு முழுவதும் வெளிவரும்வரை பெட்டி தொங்கலாகாது. தொங்கினால் பிளேட்டின் நடுப்பாகம் வளைந்து, பிறகு கிளச் அடியோடு விடுபடாமற் போகும்.

பெட்டி கீழே இறங்கியபின் காணும் பாகங்கள் யாவும், மறுபடி இதே உழைப்பைச் செய்தாலன்றிக் கைக்கு எட்டாதவை. எனவே கிளச் பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, ரிலீஸ் பேரிங்கு, பைலட் பேரிங்கு, எஞ்சினின் பின் ஆயில் சீல், பெட்டியின் முன் ஆயில் சீல் ஆகியவற்றை அப்பொழுதே சோதித்து, தேய்ந்தவற்றை மாற்றிவிடுக. பிளைவீலின் முகத்தில் நீலம் பாரித்த சூட்டுக்குறியோ வெடிப்போ இருந்தால் தகுந்த பட்டறையில் காட்டுக. பழைய கிளச் பிளேட்டின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அது நுரையீரலைக் கெடுப்பது. வாயாலோ காற்றடித்தோ ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கவும்.

4. ஏற்றும் முறை

கிளச் பிளேட்டை அதன் பக்கம் மாறாமல் வைத்து, பழைய இன்புட் ஷாப்டு ஒன்றை நடுவே செருகி, நட்டநடுவில் நிற்கும்படி செய்து பிரஷர் பிளேட்டை முடுக்குக. பல்வரிகளில் கிரீஸ் சொற்பமாய்த் தடவினாற் போதும். மிகுந்தால் பிளேட்டின்மேல் தெறித்து வழுக்கும். பெட்டியை ஒரு கியரில் போட்டுக்கொண்டு, பின் தட்டை மெதுவாய்த் திருப்பியபடி முன்னே தள்ளினால் பல்வரிகள் பொருந்தி உட்செல்லும். பொருந்தாமல் இடைவெளி இருக்கையில் போல்ட்டை முடுக்கி இழுப்பது பெரும்பிழை. பெல் ஹவுசிங்கின் காது உடைவதும் பிளேட்டு கெடுவதும் இவ்வாறே நிகழ்கின்றன. இடைவெளி கையாலேயே மூடவேண்டும். அதன்பின் போல்ட்டுகளை எதிரெதிராய்ச் சிறிது சிறிதாய், வண்டி செய்தவர்கள் விதித்த அளவுக்கு முடுக்குக.

எண்ணெயை வண்டியின் கைப்புத்தகம் விதித்த தரத்திலேயே ஊற்றவும். ஆக்ஸிலுக்குரிய ஜி.எல்.-5 தர எண்ணெய் சிலவற்றிலுள்ள கந்தகச் சேர்க்கை, பித்தளை வளையங்களுக்குத் தீங்கு செய்யலாம். ஆகையால் பல பெட்டிகளுக்கு ஜி.எல்.-4 தரமே விதிக்கப்பட்டிருக்கிறது. வண்டி சமமாய் நிற்கையில், ஊற்றும் துளையின் விளிம்புவரை நிரம்பவேண்டும். கிளச் எண்ணெயால் இயங்குவதாயின் குழாயிலுள்ள காற்றை நீக்கி, பெடலின் தளர்ச்சியை விதித்த அளவுக்குச் சரிசெய்க.

முதல் ஓட்டம் பாரமின்றி இருக்கட்டும். எல்லாக் கியர்களையும் மேலும் கீழும் மாற்றிப் பார்த்து, திரும்பியபின் கசிவு உண்டா, போல்ட்டுகள் தளர்ந்தனவா என்று கவனிக்கவும். புதிய கிளச் போட்டிருந்தால் சில நாட்களுக்கு முழுப்பாரம் ஏற்றவேண்டாம்.

முடிவுரை

பெட்டி கெட்ட காரணத்தை நீக்காவிடில் புதிய பெட்டியும் அதே வழியில் போகும். அதிகப்பாரம், ஓயாமல் கிளச் பெடலின்மேல் கால் வைத்திருத்தல், வருஷக்கணக்காய் எண்ணெய் பாராமை, ஓடைத் தண்ணீர் ஆகிய இந்நான்குமே நான் நமது ஜில்லாவில் கண்ட காரணங்கள். முக்கால் டன் சுமக்கச் செய்த குட்டி யானையில் ஒன்றரை டன் ஏற்றிவிட்டுப் பல் உடைந்ததென்று வருந்துவதில் பொருளில்லை. தண்ணீரில் இறங்கிய வண்டியின் எண்ணெயை அந்த வாரத்திலேயே வடித்துப் பார்க்கவேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நான்கு இரும்பு ஸ்டாண்டுகளும் ஒரு நல்ல ஜாக்கியும் ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டியவையல்ல. ஊரில் வண்டி வைத்திருப்போர் சேர்ந்து வாங்கி ஓரிடத்தில் வைத்துக்கொள்ளும்படி அவர்கள் எடுத்துச் சொல்லலாம். செங்கல்லை நம்பி வண்டிக்கடியில் படுப்பவரைக் கண்டால் தயங்காமல் தடுக்கவும் வேண்டும்.

முன் சொன்ன பெரியவர் இப்பொழுது வண்டியில் சத்தம் கேட்டால், எவரையும் அழைக்குமுன் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியரைப் போட்டுப் பார்க்கிறார். நானும் அதைச் செய்து பாராமல் எந்த வண்டியைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்வதில்லை.